ஐந்து விரலில் ஐந்து கோடு: வாசகர் கேள்வி – பதில்

அச்சு நொட்டேஷனை (தாளில் அச்சிட்ட இசைக்குறிகளை) பார்வையற்றவர்கள் எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. நானும் பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவள்தான். பியானோ வாசிக்கிறேன், பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பக்கம் முழுவதையும் இந்த ஒரே விஷயத்துக்குக் கொடுக்கிறேன்.

கேள்வி: காதால் கேட்டே கீபோர்டு கற்றவன் நான். இப்போது ஒரு இசைக்குழுவில் சேர்ந்திருக்கிறேன். ஒத்திகையில் கண்டக்டர், "மேல் கோட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிற சுரம்", "தண்டு கீழே போகிற பாகம்", "அந்த வளைவு முடிகிற இடம்" என்கிறார். மற்றவர்கள் உடனே வாசிக்கிறார்கள், நான் முழிக்கிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அந்தத் தாளில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு குறி தாளில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, அது எந்தச் சுரம் என்று சொல்கிறது. அந்தக் குறியின் உருவம், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று சொல்கிறது. இடமிருந்து வலமாகப் போகப் போகக் காலம் நகர்கிறது. கீழிருந்து மேலே போகப் போகச் சுருதி ஏறுகிறது. மற்றதெல்லாம் இதன் மேல் கட்டியதுதான்.

இப்போது இடது கையை நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். உள்ளங்கை உங்கள் பக்கம், விரல்நுனிகள் வலப்பக்கம், கட்டைவிரல் மேலே. ஐந்து விரல்களையும் நன்றாக விரியுங்கள். அந்த ஐந்து விரல்கள்தான் தாளில் சுரக்குறிகள் உட்காரும் ஐந்து படுக்கைக் கோடுகள். நடுவில் உள்ள நான்கு சந்துகளும் சுரம் உட்காரும் இடங்களே. கோடுகளைக் கீழிருந்து எண்ண வேண்டும்; சுண்டுவிரல் முதல் கோடு, கட்டைவிரல் ஐந்தாம் கோடு. ட்ரெபிள் கிளெஃப் (கிளெஃப் என்ன என்று கீழே சொல்கிறேன்) என்றால் சுண்டுவிரல் ஈ, மோதிரவிரல் ஜி, நடுவிரல் பி, ஆள்காட்டி விரல் டி, கட்டைவிரல் எஃப். சந்துகளைக் கீழிருந்து தொட்டு வாருங்கள்: எஃப், ஏ, சி, ஈ. வலது கையின் ஒரு விரலால் சுண்டுவிரலைத் தொடுங்கள், அடுத்து சந்து, அடுத்து மோதிரவிரல், அடுத்து சந்து. ஈ, எஃப், ஜி, ஏ என்று வாயால் சொல்லிக்கொண்டே ஏறி இறங்குங்கள். நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள் எல்லோரும், பார்வையுள்ளவர்கள் உட்பட, இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

மிடில் சி எங்கே? சுண்டுவிரலுக்குக் கீழே. டி என்ற சுரம் சுண்டுவிரலின் அடியில் ஒட்டித் தொங்கும். சி அதற்கும் கீழே என்பதால், அதற்கென்று ஒரு சின்னக் கோட்டுத் துண்டைப் போட்டு அதில் கோத்துவிடுவார்கள். லெட்ஜர் கோடு என்பது அதுதான். மேலே கட்டைவிரலைத் தாண்டினாலும் அதே கதை. கட்டைவிரலுக்கு மேலே ஒட்டி உட்கார்வது ஜி; அதற்கும் மேலே உள்ள ஏ-வுக்கு ஒரு சின்னக் கோடு தேவை. உங்கள் கண்டக்டர் "மேல் கோட்டுக்கு மேலே" என்றது அந்த ஜி-யைத்தான்.

கிளெஃப் என்பது வரியின் தொடக்கத்தில் இருக்கும் பெரிய குறி. எந்தக் கோட்டுக்கு என்ன பெயர் என்று அதுதான் தீர்மானிக்கிறது. ட்ரெபிள் கிளெஃபின் சுருள் இரண்டாம் கோட்டைச் சுற்றி வளைந்திருக்கும். அந்தக் கோடு ஜி. பேஸ் கிளெஃபில் இரண்டு புள்ளிகள் நான்காம் கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும். அந்தக் கோடு எஃப். ஆகவே பேஸ் கிளெஃபில் அதே சுண்டுவிரல் ஜி ஆகிவிடும், பிறகு பி, டி, எஃப், ஏ. வியோலா வாசிப்பவர்களுக்கு வேறொரு கிளெஃப், அதில் நடுவிரல்தான் மிடில் சி. கிளெஃப் தெரியாமல் "மூன்றாம் கோடு" என்று மட்டும் சொன்னால் எந்தச் சுரம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒத்திகையில் கூச்சப்படாமல் "எந்தக் கிளெஃப்?" என்று கேளுங்கள்.

விரலில் எண்ணும்போது ஒரு சிக்கல் வரும். கோட்டிலிருந்து சந்துக்குப் போவது எப்போதும் ஒரு எழுத்து தூரம். ஆனால் ஈ-யிலிருந்து எஃப் அரைப்படிதான், எஃப்-இலிருந்து ஜி முழுப்படி. தாளில் இரண்டும் ஒரே தூரமாகத்தான் தெரியும். கறுப்புக் கட்டைகளுக்குத் தனி இடம் கிடையாது. எஃப் ஷார்ப்பும் எஃப் இருக்கும் அதே இடத்தில்தான் இருக்கும், அதன் இடப்பக்கத்தில் அரைப்படி உயர்த்தும் ஒரு ஷார்ப் குறி நிற்கும். பேசும்போது "எஃப் ஷார்ப்" என்று ஷார்ப்பைப் பின்னால் சொல்கிறோம். தாளில் அது முன்னால் நிற்கிறது. அந்தக் குறி அந்த மெஷர் (செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே வரும் ஒரு தாளப் பகுதி) முடியும் வரை, அதே கோட்டிலோ சந்திலோ வருகிற சுரத்துக்குச் செல்லும். வரியின் தொடக்கத்தில் கிளெஃபுக்குப் பக்கத்தில் மொத்தமாக வைக்கிற ஷார்ப்புகளும் ஃப்ளாட்டுகளும் (ஃப்ளாட் அரைப்படி இறக்கும்) எல்லா ஆக்டேவுக்கும், அதாவது எல்லா ஸ்தாயிக்கும், பொருந்தும். டி மேஜர் என்றால் ட்ரெபிளில் கட்டைவிரல் மேல் ஒரு ஷார்ப், மூன்றாம் சந்தில் ஒரு ஷார்ப். அதாவது எஃப், சி.

அப்புறம் உருவம். சுரத்தின் தலை சற்றே சாய்ந்த நீள்வட்டம். உள்ளே வெறுமையாக, தண்டு இல்லாமல் இருந்தால் செமிபிரீவ், நான்கு எண்ணிக்கை. வெறுமையான தலையோடு தண்டும் இருந்தால் மினிம், இரண்டு. தலை கறுப்பாக நிரம்பி, தண்டு இருந்தால் க்ராட்செட், ஒன்று. தண்டின் நுனியில் ஒரு கொடி இருந்தால் குவேவர், அரை. இரண்டு கொடி இருந்தால் செமிகுவேவர், அதிலும் பாதி. பக்கத்துப் பக்கத்தில் பல குவேவர்கள் வந்தால் கொடிகளுக்குப் பதிலாகத் தண்டுகளின் நுனிகளைத் தடித்த கோட்டால் இணைத்துவிடுவார்கள். அதுதான் பீம். தலைக்கு வலப்பக்கம் ஒரு புள்ளி வந்தால் நேரம் ஒன்றரை மடங்கு. அதே புள்ளி தலைக்கு மேலோ கீழோ வந்தால் ஸ்டக்காட்டோ, வெட்டி வாசிக்க வேண்டும். அச்சில் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்தப் புள்ளி ஒன்றே போதும்.

தண்டு மேலே போனால் தலையின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், கீழே போனால் இடப்பக்கம். சாதாரணமாக நடுக்கோட்டிலும் அதற்கு மேலும் இருக்கிற சுரங்களுக்குத் தண்டு கீழே, அதற்குக் கீழே இருப்பவற்றுக்கு மேலே. அழகுக்காகவும் இடத்துக்காகவும் செய்வது அது, வாசிப்பில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ஒரே ஐந்து கோட்டில் இரண்டு குரல்கள் எழுதியிருந்தால் விஷயம் வேறு. அப்போது மேல் குரலின் தண்டுகள் எல்லாம் மேலே, கீழ்க் குரலின் தண்டுகள் எல்லாம் கீழே. "தண்டு கீழே போகிற பாகம்" என்று அவர் சொன்னால், கீழ்க் குரலை மட்டும் வாசிக்கச் சொல்கிறார் என்று அர்த்தம்.

வளைவு என்றது ஸ்லர் ஆகத்தான் இருக்க வேண்டும். பல சுரங்களுக்கு மேலே வில்லாக வளைந்து போகும் கோடு அது, அவற்றைச் சேர்த்து வாசிக்கச் சொல்கிறது. முடிகிற இடத்தில் கையைச் சற்று எடுக்கலாம். ஒரே சுருதியில் அடுத்தடுத்து இருக்கிற இரண்டு தலைகளை இணைத்தால் அது டை, இரண்டாவதைத் திரும்ப அழுத்தக் கூடாது.

கேள்வி: பார்வையற்றவர்களுக்குக் காதே போதும், நொட்டேஷன் எதற்கு என்று எல்லோரும் சொல்கிறார்களே?

பதில்: காதை நம்பி உச்சத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். 2009-இல் வான் கிளைபர்ன் பியானோ போட்டியில் தங்கப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்ட நொபுயுகி ட்சுஜீ, உதவியாளர்கள் ஒவ்வொரு கையையும் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்து தருவதைக் கேட்டுத்தான் பயில்கிறார். பார்வையற்ற ஆர்கன் கலைஞர் ஹெல்முட் வால்ஹா, இசையமைப்பாளர் பாக்கின் ஆர்கன் இசையை ஒரு நேரத்தில் ஒரு குரலாகப் பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்தார். அவர்கள் வழியை நான் மதிக்கிறேன்.

ஆனால் பதிவில் இருப்பது வாசித்தவருடைய முடிவுகள். ஸ்லர் எங்கே முடிகிறது, அந்தச் சுரம் ஸ்டக்காட்டோவா, அல்லது அவர் அப்படி வாசித்தாரா, இது எஃப் ஷார்ப்பா ஜி ஃப்ளாட்டா என்பதை ஒலி சொல்லாது. எழுதியவர் என்ன எழுதினார் என்று நேராகத் தெரிந்துகொள்ளும் உரிமை பார்வையுள்ளவருக்கு இருக்கிற அளவுக்கு நமக்கும் உண்டு. ஒரு பிள்ளைக்கு நல்ல காது இருக்கிறது என்பதற்காக அதற்கு எழுத்து சொல்லித்தராமல் விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

கேள்வி: எனக்குப் பிரெயில் இசைக்குறி நன்றாகத் தெரியும். சி, ஈ, ஜி கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை) வலது கையில் ஜி-யிலிருந்து கீழ்நோக்கிப் படிக்கிறேன். பார்வையுள்ள என் தோழி கீழிருந்து மேலே சொல்கிறாள். சேர்ந்து பயிற்சி செய்யும்போது குழப்பமாகிவிடுகிறது.

பதில்: இரண்டுமே சரி. அச்சில் மூன்று தலைகளும் ஒரே தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. வழக்கத்தில் கீழிருந்து பெயர் சொல்வார்கள். பிரெயிலில் ஒரு சுரத்தை எழுதிவிட்டு மற்றவற்றை இடைவெளிக் குறிகளாகப் போடுகிறோம். வலது கைக்கு மேல் சுரத்திலிருந்து கீழ்நோக்கி: ஜி, அதற்கு மூன்றாவது, அதற்கு ஐந்தாவது. இடது கைக்குக் கீழிருந்து மேல்நோக்கி. இதைத் தோழியிடம் ஒருமுறை விளக்கிவிட்டால் போதும். நீங்களும் வாய்விட்டுச் சொல்லும்போது கீழிருந்தே சொல்லிப் பழகுங்கள், பேச்சு ஒரே வழியில் போகும்.

இன்னும் சில இடங்களில் இப்படி இடறும். அச்சில் சுரத்தை இடம் சொல்கிறது என்றேன் இல்லையா? பிரெயிலில் மேல், கீழ் என்று எதுவும் இல்லை. ஆறு புள்ளிகள் கொண்ட ஒரே கட்டத்துக்குள் சுரமும் நேரமும் சேர்ந்தே இருக்கின்றன. 1, 4, 5 புள்ளிகள் குவேவர் சி. ஆறாம் புள்ளியைச் சேர்த்தால் க்ராட்செட், மூன்றாம் புள்ளியைச் சேர்த்தால் மினிம், இரண்டையும் சேர்த்தால் செமிபிரீவ். அதே உருவம் செமிகுவேவராகவும் இருக்கலாம், மெஷரில் மொத்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். பார்வையுள்ளவர்களுக்கு இது வியப்பாக இருக்கும், அவர்கள் தாளில் இந்த இரண்டும் துளியும் ஒத்துப்போகாது. மாறாக, டையும் ஸ்லரும் அவர்களுக்கு ஒரே மாதிரி வளைவு, நமக்கு வேறு வேறு குறி.

கிளெஃப் நமக்குத் தேவையே இல்லை. ஆக்டேவ் குறி அந்த வேலையைச் செய்கிறது. மிடில் சி-யில் தொடங்குவது நான்காம் ஆக்டேவ், அதற்கு ஐந்தாம் புள்ளி. அதனால்தான் பிரெயிலில் மட்டும் படித்தவர்களுக்கு, கண்டக்டர் "செல்லோக்காரர்களே, இங்கே கிளெஃப் மாறுகிறது" என்று சொல்வது புரிவதில்லை. செல்லோவின் சுரம் உயரே போகும்போது லெட்ஜர் கோடுகள் குவியாமல் இருக்க வேறு கிளெஃபுக்கு மாற்றுவார்கள், ஒலியில் ஒன்றும் மாறாது.

பியானோ தாளில் இன்னொன்று. இரண்டு ஐந்து கோடுகளுக்கு நடுவே நிறைய வெற்றிடம் விட்டு அச்சிடுவார்கள். ஆனால் ட்ரெபிளின் அடிக்கோட்டுக்கும் பேஸின் மேல்கோட்டுக்கும் நடுவே உண்மையில் பி, மிடில் சி, டி என்று மூன்று சுரங்கள்தான். அந்த வெற்றிடத்தில்தான் பொதுவாக எஃப் (f, பலமாக), பி (p, மென்மையாக) போன்ற சத்த அளவுக் குறிகளையும், சத்தம் ஏறுவதைக் காட்ட வலப்பக்கம் விரிந்துகொண்டே போகிற கிரெஷெண்டோ கோடுகளையும் வைக்கிறார்கள்.

தோழியோடு பேச ஒரு பொது எண் வேண்டுமென்றால் மெஷர் எண்ணையும் பீட்டையும் (மெஷருக்குள் எத்தனையாவது எண்ணிக்கை என்பதையும்) பிடித்துக்கொள்ளுங்கள். "இரண்டாம் பக்கம், மூன்றாம் வரி" என்பது உங்கள் தாளில் வேறு இடம். "பதினேழாம் மெஷர், மூன்றாம் பீட்" இரண்டு தாளிலும் ஒன்றுதான்.

கேள்வி: நான் பார்வையுள்ள ஆசிரியர். பார்வையற்ற மாணவி ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். ஐந்து கோடுகளை மேடாக்கி, தொட்டுப் படிக்க வைக்கலாமா, மேடம்?

பதில்: எப்படி இருக்கும் என்று காட்ட, தாராளமாக. தடித்த அட்டையில் ஐந்து நூல்களை விரலகல இடைவெளியில் ஒட்டுங்கள். தலைகளுக்கு அட்டையில் வெட்டிய நீள்வட்டங்களும், தண்டுக்குக் குச்சியும் போதும். மினிமின் தலையில் நடுவே ஓட்டை போடுங்கள். அவளே சுரங்களை எடுத்து வைத்துப் பார்க்கட்டும். கறுப்பு மையில் அச்சிட்டுச் சூடாக்கினால் கோடுகள் மேலெழும்பும் தாள் இருக்கிறது. அதில் கிளெஃப் மாதிரியான உருவங்களைப் பெரிதாக எடுத்துக் கொடுங்கள். என் ஆசிரியர் எனக்கு ட்ரெபிள் கிளெஃபை முறுக்கிய கம்பியில் செய்து கொடுத்தார். அதன் சுருள் நூல்கோடுகளில் இரண்டாவதைச் சுற்றி உட்கார்ந்ததை விரலால் உணர்ந்தபோதுதான் அது ஏன் ஜி என்று எனக்கு நன்றாகப் பதிந்தது.

ஆனால் முழுப் பாட்டையும் இப்படிப் படிக்க வைக்காதீர்கள். ஒரு பார்வையில் கண் அள்ளிக்கொள்ளும் படத்தை விரல்நுனி துண்டு துண்டாகத் தேட வேண்டியிருக்கும். படிக்கப் பிரெயில்தான். லூயி பிரெயில் தானே ஒரு ஆர்கன் கலைஞர். 1829-இல் தன் புள்ளி முறையை வெளியிட்ட புத்தகத்திலேயே இசையையும் சேர்த்திருந்தார். முதல் நாளிலிருந்து இரண்டையும் சேர்த்தே ஆரம்பியுங்கள். பிரெயிலில் க்ராட்செட்டைத் தொடும்போதே, "பார்வையுள்ளவர்கள் தாளில் இது நிரம்பிய தலை, ஒரு தண்டு" என்று சொல்லிவிடுங்கள். "இங்கே", "இது" என்று விரலால் காட்டிச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: யாராவது இசைத் தாளைப் பிடிஎஃப் ஆக அனுப்பினால், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என் ஸ்க்ரீன் ரீடர் ஒன்றுமே சொல்வதில்லை. என்ன செய்வது?

பதில்: அது ஸ்க்ரீன் ரீடருக்கு வெறும் படம். முதலில், அனுப்பியவரிடம் மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நொட்டேஷன் மென்பொருளில் தட்டியதாக இருந்தால் ஏற்றுமதி செய்து தருவது அவருக்கு ஒரு நிமிட வேலை. அந்தக் கோப்பில் ஒவ்வொரு சுரமும் எழுத்து, ஆக்டேவ் எண், நேரம் என்று உரையாகவே இருக்கும். அதில் மிடில் சி-யின் ஆக்டேவ் எண்ணும் 4, பிரெயிலிலும் 4, ரொம்ப வசதி.

கோப்பு கையில் வந்ததும் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச நொட்டேஷன் மென்பொருளில் திறக்கலாம். என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரோடு அம்புக்குறியால் நகர்ந்தால் சுரம், நேரம், மெஷர், பீட் எல்லாம் பேசும். பிரெயில் காட்சிக் கருவி இருந்தால் இசைக்குறியாகவும் விரலுக்கு வரும். பிரெயிலில் அச்செடுக்க சாவ் மாய் பிரெயில் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பிரெயில் இசைக்குறி இன்னும் கற்காதவர்களுக்கு டாக்கிங் ஸ்கோர்ஸ் என்ற சேவை, தாளை வார்த்தைகளாக விவரித்துத் தரும்.

பிடிஎஃப் மட்டும்தான் என்றால், தாளைப் படித்து மியூசிக்எக்ஸ்எம்எல் ஆக்கும் ஸ்கேன் செயலிகள் உண்டு. ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். தூசியைப் புள்ளி என்று எடுத்துக்கொள்ளும், இரண்டு குரல் உள்ள இடத்தில் தடுமாறும், ட்ரிப்லெட்டின் (இரண்டு சுரங்களின் நேரத்தில் வாசிக்கும் மூன்று சுரங்களின்) 3 என்ற எண்ணை விட்டுவிடும். எந்த மெஷரில் எண்ணிக்கை கூடுகிறது, குறைகிறது என்று முதலில் தேடுங்கள், பிழை பெரும்பாலும் அங்கே இருக்கும். ஓடவிட்டுக் கேட்டால் தப்பான சுரம் மாட்டும். தப்பான ஸ்லர் மாட்டாது. அதற்கு அச்சைப் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இந்த இடத்தில்தான் வளைவு, தண்டு, பீம் என்று நீங்கள் கற்ற வார்த்தைகள் கைகொடுக்கும், ஏனென்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேறொரு நாட்டு நூலகத்தில் பிரெயில் பிரதி இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் ஒப்பந்தம், நாம் படிக்கும் வடிவிலான பிரதிகளை அதில் சேர்ந்த நாடுகளுக்கிடையே அனுப்ப வழிசெய்கிறது. இசைக்குறித் தாள்களும் அதில் அடங்கும்.

கேள்வி: நான் சொந்தமாக இசை அமைக்கிறேன். பார்வையுள்ள கலைஞர்கள் வாசிக்கும்படி அச்சுத் தாளை நானே தயாரிக்க முடியுமா?

பதில்: முடியும். மூன்று வயதில் பார்வை இழந்த ஸ்பானிய இசையமைப்பாளர் ஹோவாக்கின் ரோட்ரிகோ, பிரெயிலில் எழுதி, பிறகு பிரதியெடுப்பவரிடம் ஒவ்வொரு குறியாகச் சொல்லித்தான் தன் இசையை அச்சுக்குக் கொண்டுபோனார். 1939-இல் முடித்த கொன்சியெர்தோ தெ அரன்ஹுவெஸ் இன்று உலகம் முழுவதும் கிதார் கலைஞர்கள் வாசிப்பது. சொல்லி எழுத வைக்கவும் அச்சு மொழி தெரிந்திருக்க வேண்டும்.

இன்று அந்த இடைநபர் இல்லாமலே பெரும்பகுதியைச் செய்யலாம். லிலிபாண்ட் என்ற இலவச மென்பொருளில் இசையைச் சாதாரண உரையாகத் தட்டலாம். சி என்ற ஆங்கில எழுத்து, ஒரு ஒற்றை மேற்கோள் குறி, 4 என்ற எண். அவ்வளவுதான், மிடில் சி-யில் ஒரு க்ராட்செட். மேற்கோள் குறி இன்னொன்று சேர்த்தால் அடுத்த ஆக்டேவ். தண்டு எந்தப் பக்கம், பீம் எங்கே சாய வேண்டும், சுரங்களுக்கு எவ்வளவு இடைவெளி என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஸ்க்ரீன் ரீடரோடு எந்த உரைத் தொகுப்பியிலும் எழுதலாம். நான் மாணவர்களுக்குத் தாள் தயாரிப்பது இதில்தான்.

கொடுக்கும் முன் பார்வையுள்ள ஒருவரிடம் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். சத்த அளவுக் குறி எங்காவது சுரத்தின் மேல் ஏறியிருக்கிறதா? பாட்டு வரிகள் சுரங்களுக்கு நேர் கீழே நிற்கின்றனவா? ஒவ்வொரு பக்கமும் எந்த மெஷரில் முடிகிறது? மூன்றாவது முக்கியம். வாசிப்பவர் பக்கத்தைப் புரட்ட ஒரு கை காலியாக வேண்டும். அந்த மெஷர் எண்ணை உங்கள் பிரெயிலில் பாருங்கள். அங்கே ரெஸ்ட் (வாசிக்காமல் நிறுத்தும் இடம்) இல்லாவிட்டால், முன்னால் ரெஸ்ட் வரும் மெஷரைக் கண்டுபிடித்து, அதன் முடிவில் பக்கத்தை உடைக்கும் கட்டளையைச் சேர்த்துவிடுங்கள்.